காலியாக இறங்கிய லாரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. காலி லாரியின் பின்கதவுச் சங்கிலி தகரத்தில் அடித்துக்கொள்ளும் சத்தம். கார்த்திகைப் புயல் ஓய்ந்த ஒன்பதாம் நாள், கல்வராயன் மலையிலிருந்து கச்சிராயபாளையம் வரை என் முதுகுக்குப் பின்னால் அது அடித்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகும் அடித்தது. இன்றைக்குத் தை பதினெட்டு. மத்தியானம் கடையில் கண் அசந்தால் இன்னும் அடிக்கிறது.

கடை என்றால் ஜெராக்ஸ் கடை. கள்ளக்குறிச்சியில், ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே. ஜெராக்ஸ் எடுப்பேன், மனு எழுதித் தருவேன், கூட்டம் இல்லாத நேரத்தில் கதை எழுதுவேன். மூன்றும் ஒரே மேசையில் நடப்பதால் சில சமயம் ஒன்றோடொன்று கலந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கே தொடங்குவது என்று மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் முயற்சி இது:

[அனுப்புநர்: சின்னக்கண்ணு, வயது 52, கல்வராயன் மலை. பெறுநர்: உயர்திரு வாசகர் அவர்கள். பொருள்: வெறும் வண்டி திரும்பிப் போனது தொடர்பாக. ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் சுமார் முப்பது வருடங்களாக]

கை தானாக மனுவுக்குப் போய்விட்டது. அடித்து நீக்கிவிட்டேன். அந்த அம்மாள் யாருக்கும் மனு எழுதவில்லை, யாரிடமும் எதுவும் கேட்கவும் இல்லை.

இரண்டாவது முயற்சி:

[மேகம் மலையைத் தாயைப் போல அணைத்துக்கொண்டிருந்த அந்தக் காலையில்]

அடச்சீ. மேகம் யாரையும் அணைக்கவில்லை. வைப்பர் வேலை செய்யாமல் வண்டியை நிறுத்தி நிறுத்திக் கண்ணாடி துடைத்தோம்.

மூன்றாவது:

[உளுந்தூர்பேட்டையில் நல்ல உள்ளங்களின் அன்பு அந்த லாரியில் ஏற்றப்பட்ட]

அன்பா ஏற்றினோம்? அறுநூறு ரொட்டிப் பாக்கெட், அதில் பாதி முந்தின நாள் தேதி. போர்வைக் கட்டுகள். நான்கு மூட்டைப் பழைய துணி. எல்லாம் சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை ஒரு வண்டியில் வந்து, அங்கே எங்கள் வண்டிக்கு மாறியது. 'எங்கள்' என்றால் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்த குழு. குழுவுக்கு ஒரு பேனர். எதை எடுத்துப் போவது என்று பத்து நிமிடம் பேசினோம். பேனரில் யார் படம் எந்த வரிசையில் வர வேண்டும் என்று இரண்டு நாள் பேசினோம்.

அந்த நான்கு மூட்டையில் ஒன்றில் என் சட்டையும் இருந்தது. நீலக் கட்டம் போட்டது, பாக்கெட்டில் பேனா கசிந்த கறை. கறையைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் மூட்டைக்குள் போட்டேன். புயலில் எல்லாம் போனவருக்குக் கறை ஒரு பெரிய விஷயமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

3

கதை இங்கேதான் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் ஆறு பேர் அடிவாரத்தில் பேனரோடு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். மேலே போனது நானும் டிரைவர் அய்யப்பனும்தான். வெள்ளிமலை தாண்டியதும் பனி இறங்கி, முன்னால் பத்தடிக்கு மேல் ரோடு இல்லை. மரங்கள் திடீரென்று வரும், பக்கத்தில் நிற்கும், போய்விடும். அய்யப்பன் மலைப்பாதையைப் பார்த்து ஓட்டினானா, நினைவில் வைத்து ஓட்டினானா தெரியாது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். வண்டி மலை ஏறுகிறதா, மலை எங்களை ஏந்திக்கொண்டு மேலே போகிறதா என்று ஒரு மயக்கம். அந்த நேரத்தில் நான் ரொம்ப நல்லவன் என்று எனக்கே தோன்றியது. அந்தச் சுகத்தை இப்போதும் மறைக்கப் பார்க்கவில்லை.

ஓர் இடத்தில் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் இருபது முப்பது வீடு உள்ள ஊர். சத்தம் கேட்டுச் சனங்கள் மண்மேட்டில் ஏறி இறங்கி வந்தார்கள். முன்னால் வந்தவர்தான் சின்னக்கண்ணு. புடவையை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார், கையில் மண்வெட்டி. அரசாங்கம் வருவதற்குள் மண்ணை அள்ளிப் பாதையைத் தாங்களே திறந்துகொண்டிருந்தார்கள்.

"ரொட்டியா கொண்ணாந்தீங்க?" என்றார் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து. "சாமை இருக்குதுங்க, கேவுரு இருக்குது. சோத்துக்குக் கொறை இல்ல. எங்களுக்கு இன்னா வேணும்னா சார்..."

"இதக் கொஞ்சம் புடிச்சிக்கினு சிரிங்கம்மா" என்றேன். செல்போனை நீட்டியிருந்தேன். போர்வையைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்தார்.

அவர் தொடங்கிய வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அழகுக்காக விட்ட புள்ளிகள் அல்ல அவை. அவர் வாயில் நான் வைத்த புள்ளிகள்.

மூட்டையை அவிழ்த்ததும், எத்தனையோ துணி இருக்க, முதலில் வந்தது என் சட்டை. சின்னக்கண்ணு அதைத் தூக்கிப் பிடித்துக் கறையைப் பார்த்தார். மடித்து வைத்தார்.

"சார், இது நீங்க தீபாவளிக்குப் போட்டுக்கினு இருந்ததாச்சே" என்றான் அய்யப்பன். அவனுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

4

இனி வருவதுதான் எனக்கு எழுத வராத இடம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

சாமானெல்லாம் இறக்கி முடித்து ஏறப் போனேன். சின்னக்கண்ணு வண்டியின் பின்கதவைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"வெறும் ஏனத்தத் திருப்பி அனுப்பறது எங்க ஊர்ல கெடயாதுங்க" என்றார்.

ஏனம் என்றால் பாத்திரம். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால், கழுவி வெறுமனே திருப்பித் தர மாட்டோம் அல்லவா? ஒரு பிடி பயறோ, நாலு மிளகாயோ போட்டுத்தானே கொடுப்போம். அந்த அம்மாளுக்கு எங்கள் லாரி அப்படி ஒரு கிண்ணம்.

ரோட்டோரப் பலா மரத்தடியைக் காட்டினார். நிழலில், வரிசையாக, கட்டுக் கட்டாக மரவள்ளிக் குச்சி நிறுத்தியிருந்தது. மரவள்ளிக்கு விதை கிடையாது. கிழங்கு பிடுங்கிய செடியின் குச்சியை எடுத்து வைத்து, சாண் சாணாக வெட்டி நட வேண்டும். அதுதான் அடுத்த வருடத்து வயல்.

"புயலுக்கு முந்தின வாரம் கெழங்கு புடுங்கினோம். நல்ல குச்சி, தேமல் நோவு ஒண்ணும் இல்ல. எங்களுக்குப் போவ மிச்சம் இருக்குது. கீழ தண்ணி நின்ன ஊர்ல எல்லாம் அழுவிப் போயிருக்குமே, பாவம். ஏத்திக்கினு போங்க, யாருக்குன்னா குடுங்க."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மூன்று வரைவில் இதை மாற்றிப் பார்த்தேன். எதிலும் நான் இவ்வளவு கேவலமாக இல்லை. அதனால் அவை பொய்.

"நாங்க குடுக்க வந்தவங்கம்மா. உங்ககிட்ட வாங்கிக்கினு போனா நாலு பேர் இன்னா சொல்லுவாங்க?"

"வண்டி சும்மாதான சார் போவுது?" என்றான் அய்யப்பன்.

"பேசாம வண்டிய எடு" என்றேன்.

சின்னக்கண்ணு கதவிலிருந்து கையை எடுத்தார். கோபப்படவில்லை. அவர் முகம் அப்படியே வாடிப்போயிற்று. "அப்ப வெறும் வண்டிதான் போவுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கீழே வைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சங்கிலி அடிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

5

கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் ஆறுக்குத் தாவிவிடலாம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்குகிறவனுக்குத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். கொடுக்கிறவன் முதலில் பல்லைப் பார்க்க வேண்டாமா? ரவிக்கை இல்லாத புடவை, ஜோடி இல்லாத செருப்பு, நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாத ரொட்டி. வீட்டைக் காலி செய்கிற வேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் நிவாரணம். மூன்றாம் நாள் எல்லாரும் போகிறோம், முப்பதாம் நாள் ஒருவரும் போவதில்லை. வண்டி நிற்கிற ஊருக்கே பத்து வண்டி போகிறது. உள்ளே தள்ளி இருக்கிற ஊர், வண்டிகள் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.*

இதெல்லாம் எனக்குத் தெரியும். புயலுக்கு முன்னாலேயே தெரியும். ஒரு வாரப் பத்திரிகையில் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதியிருக்கிறேன், பாராட்டி நாலு பேர் போன் செய்தார்கள். தெரிந்தவன் செய்த தப்பு என்பதால்தான் கதை எழுத வேண்டியிருக்கிறது.

(* இந்த வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.)

6

மார்கழி நடுவில் பாப்பாத்தி வந்தார். இந்தக் கதையில் ஏதாவது பறிபோகப் போகிறது என்றால் அது இவருக்குத்தான், ஆகவே இவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது வயது இருக்கும். கூலி வேலைக்குப் போகிறவர். கோமுகி ஆற்றங்கரையில் ஒரு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து ஐந்து வருடமாக மரவள்ளி வைக்கிறார். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அந்த ஒரு ஏக்கர் இருப்பதால்தான் மகள் எழில்மதி நர்சிங் படிக்கிறாள்.

"மனு எழுதணும் சார்."

"புயல் நிவாரணந்தானே? சொல்லுங்க" என்று டைப் அடிக்கத் தொடங்கிவிட்டேன். 'வாழ்வாதாரம் முற்றிலும் பாதிக்கப்பட்ட நிலையில்' என்ற வரி என் விரலிலேயே இருக்கிறது.

"குச்சி வேணும்னு எழுதுங்க சார்."

விரல் நின்றது.

"வயல்ல மணல் ஏறி நின்னுச்சு. நானும் அவரும் பொண்ணுமா வாரிக் கொட்டிட்டோம். நெலம் ரெடியா இருக்குது. நட்டு வைக்கக் குச்சி இல்ல. கரையில நிறுத்தி வச்சிருந்தது பூரா தண்ணியில அழுவிப் போச்சு. ஊர்ல யார் வூட்டுலயும் இல்ல. ஆத்தூர் பக்கம் கெடைக்குதாம், வண்டி வாடகைக்கு நான் எங்க போறது?"

"நெலத்துக்காரர் இன்னா சொல்றார்?"

"ராஜாங்கம் ரெட்டியாரா? அவரையும் தப்பு சொல்ல முடியாது. தை முடியறதுக்குள்ள நட்டா நடு, இல்லன்னா கரும்பு வைக்க வேற ஆளு கேக்கறான், வுட்டுடுவேன்னு சொல்லிட்டார். ஒருவாட்டி கை மாறிச்சுன்னா திரும்பி வருமா சார்?"

"நிவாரணம் ஒண்ணும் வரலியா?"

"வந்துச்சே. போர்வை மட்டும் ஒம்பது. போர்வைய நட்டா மொளைக்குமா சார்?"

பலா மரத்தடி என் கண்முன்னால் வந்து நின்றது. பனி, நிழல், வரிசை வரிசையாகக் குச்சி. மேலே இருக்கும்மா, நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'குச்சி' என்று எழுதினால் எந்தத் தலைப்பில் சேரும் என்று யோசித்து 'நடவுப் பொருள்' என்று எழுதினேன். கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன்.

7

இந்த இடத்தில் எனக்குக் கதைசொல்லியின் மேல் சந்தேகம். எந்த மனிதனாவது இப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பானா? வாசகர் நம்புவாரா? ஒரு போன், ஒரு லாரி, அரை நாள் வேலை. அய்யப்பன் தினமும் என் கடை முன்னால்தான் டீ குடிக்கிறான். சின்னக்கண்ணுவின் நம்பரை அவன் அன்றைக்கே வாங்கி வைத்திருந்தான். "தெனம் நாலு மணிக்குப் பாறை மேல ஏறுவேன், அங்கதான் டவர் கெடைக்கும், மவ பேசும்" என்று அந்த அம்மாள் சொல்லியும் இருக்கிறார்.

நம்புங்கள். வெட்கம் அப்படித்தான் செய்யும். மேலே போனால் சின்னக்கண்ணு முகத்தில் விழிக்க வேண்டும். கீழே பாப்பாத்தியிடம் சொன்னால் 'அப்பவே ஏத்தியாந்திருந்தா' என்று அவர் கேட்பார். நாளை, நாளை என்று ஒரு மாதம் போய்விட்டது.

கனவு மட்டும் வந்துகொண்டிருந்தது. மத்தியானத் தூக்கத்தில், மேசையில் தலை வைத்தால் வரும். லாரி பனிக்குள் இறங்குகிறது. திரும்பிப் பார்த்தால் பின்பக்கம் காலியாக இல்லை. பலகையில் குச்சிகள் வேர் விட்டு நிற்கின்றன, ஐந்து விரல் இலைகள் காற்றில் ஆடுகின்றன, லாரியே ஒரு வயலாகிக் கள்ளக்குறிச்சிக் கடைத்தெரு வழியாக ஊர்கிறது. யாரும் ஆச்சரியப்படுவதில்லை. வயல் நடுவில் காக்கா விரட்ட ஒரு பொம்மை. அதற்கு என் நீலக் கட்டச் சட்டை. அளவு சரியாக இருக்கிறது.

8

இப்படி முடித்துப் பார்த்தேன்.

முடிவு அ: நான் மலைக்குப் போகிறேன். சின்னக்கண்ணு மன்னிக்கிறார். குச்சிகள் வருகின்றன, பாப்பாத்தி நடுகிறார், மழை தூறுகிறது. [எல்லார் கண்ணிலும்] வேண்டாம். இதில் நான் கதாநாயகன் ஆகிவிடுகிறேன். பேனரைத் திரும்பக் கட்டுவது போல் இருக்கிறது.

முடிவு ஆ: குச்சிகள் காய்ந்து அடுப்புக்குப் போய்விட்டன. நிழலில் நிறுத்தினால் இரண்டு மாதம் தாங்கும், கைப்பக்குவமும் நிழலும் நன்றாக இருந்தால் இரண்டரை மாதம். அந்த இரண்டரை இந்த வாரத்தோடு முடிகிறது. குத்தகை கை மாறுகிறது. பாப்பாத்தி பழையபடி கூலிக்கு [எழில்மதியின் படிப்பு]. முடியாது. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மனு எழுதுகிறவனுக்கு இந்த மூடநம்பிக்கை உண்டு.

முடிவு இ: [ஒரு நாள் காலையில் லாரி தானாகவே]

9

இதை டைப் அடித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சில் யாரோ உட்கார்ந்தார்கள். பாப்பாத்தி. மனு என்ன ஆயிற்று என்று எதிர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். பரிசீலனையில் இருக்கிறதாம். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

"இன்னா சார் இவ்ளோ நேரமா அடிக்கிறீங்க? யார் மனு?"

"மனு இல்லம்மா. கதை."

"கதையா? படிங்க, கேப்போம். பஸ்ஸு நாலரைக்குத்தான்."

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஏனோ முடியவில்லை. நான்காம் பகுதியை எடுத்துப் படித்தேன். அதை மட்டும்தான். கிண்ணம், பலா மரம், 'நாலு பேர் இன்னா சொல்லுவாங்க' எல்லாவற்றையும் படித்தேன். படித்து முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அழுவாரோ என்று பயந்தேன்.

"இது நெசமா சார்?"

"நெசந்தான்மா. நான்தான் வேணாம்னுட்டேன். உங்ககிட்டயும் மறைச்சிட்டேன். தப்பு பண்ணிட்டேன்."

பாப்பாத்தி "அட பாவி மனுசா" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் என்மேல் செலவழிக்க அவரிடம் நேரம் இல்லை. தை முடியப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

"அந்த அம்மாவுக்கு இன்னா வேணுமாம்?" என்று கேட்டார்.

"எந்த அம்மாவுக்கு?"

"மேல இருக்கறாங்களே, அவங்களுக்கு. குச்சி தர்றேன்னு சொன்னவங்க. இன்னா வேணும்னு கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. லாரி நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு, மலை ஏறி, மண்சரிவு வரை போய், அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் இறங்கி வந்திருக்கிறேன். மூன்றாம் பகுதியில் நான் வைத்த புள்ளிகள் திரையில் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

"குச்சி கேக்க வெறுங்கையோட போறதா சார்? நல்லா இருக்குமா?" என்றார் பாப்பாத்தி.

டீக்கடையில் நின்ற அய்யப்பனைக் கூப்பிட்டுச் சின்னக்கண்ணுவின் நம்பரைக் கேட்டேன். அவன் நம்பரைப் போட்டுப் போனைப் பாப்பாத்தியிடம் கொடுத்தான். மணி நாலு. முதல் தடவை மணி போய் நின்றது. இரண்டாம் தடவை எடுத்தார்கள்.

"அம்மா, கீழ கோமுகிக் கரையிலேர்ந்து பாப்பாத்தி பேசறேன். நீங்க என்னப் பாத்தது இல்ல. உங்களுக்கு இன்னா வேணும்மா?"

குச்சி, குச்சி, முதலில் அது இருக்கிறதா என்று கேளுங்கள் என்று நான் சைகை செய்தேன். சும்மா இருங்க என்று கையைக் காட்டினார். போன் அவர் காதோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்துக் குரல் எனக்குக் கேட்கவில்லை. பாறை மேல் அடிக்கிற காற்று மட்டும் கேட்டது. பாப்பாத்தி 'உம்' போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை சிரித்தார். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், பேப்பர் எடுங்க. அவங்க சொல்றத எழுதிக்கோங்க. வுட்டுடாம எழுதணும்" என்றார்.

ஆகவே நான் இப்போது கதையாசிரியன் இல்லை. எழுதிக் கொடுக்கிற ஆள், அவ்வளவுதான். இந்தக் கதைக்கு முடிவு என் கையில் இல்லை. அது மலையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறது. நீங்களும் ஒரு லாரி வைத்திருப்பீர்கள், அல்லது ஒரு பை, அல்லது ஒரு நல்ல மனசு. அதை ஏற்றுவதற்கு முன்னால் கொஞ்சம் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். காகிதம் இருக்கிறது. அய்யப்பன் வண்டியைத் திருப்பி நிறுத்தப் போயிருக்கிறான். நான் எழுதத் தொடங்குகிறேன், எனக்குக் கேட்காததை நீங்கள் கேட்டு எழுதுங்கள்.

1. அவர்கள் ஊர்க் கோயில் கொட்டகையில் அடைத்துக்கொண்டிருக்கும் துணி மூட்டைகளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்த நீலச் சட்டை உட்பட.

2.